கண்ணாடி கழற்றிய படம்

அந்தப் படத்துக்காக யாரும் அந்த அருங்காட்சியகத்துக்கு வருவதில்லை. தஞ்சாவூருக்கு வந்தவர்கள் பெரிய கோயிலைப் பார்த்து, அரண்மனையையும் பார்த்து, அதற்குப் பிறகும் பஸ்ஸுக்கு நேரம் மிச்சமிருந்தால்தான் ஓர் அறக்கட்டளை நடத்தும் இந்தச் சின்னக் கட்டடத்துக்குள் நுழைவார்கள். வெண்கலச் சிலைகளைக் கண்டால் கும்பிடுவார்கள். பித்தளைப் பாத்திரங்களைக் கண்டால் எங்கள் வீட்டிலும் இருந்தது என்பார்கள். கடைசி அறைக்குள் தலையை மட்டும் நீட்டி, கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். படம் அந்தக் கடைசி அறையில்தான் இருந்தது.

ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பச்சையும் பழுப்புமாகக் கத்தியால் இழுத்துப் பூசிய எண்ணெய் வண்ணம். கண்ணும் மூக்கும் வாயும் நாலைந்து கோடுகளில் முடிந்துவிட்டன. நெற்றி மட்டும் அகலமாக, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீறலைத் தவிர வெறுமையாக, ஓவியர் அதற்கென்றே தனியாக ஒரு நாள் உட்கார்ந்தது போல இருந்தது. தோளில் நீலத் துணி. பின்னால் ஒரு பட்டை தண்ணீர். ஆறா கடலா என்று சொல்ல முடியாது. கையெழுத்து இல்லை. யார் கொடுத்தார்கள், எப்போது வந்தது என்பதற்கும் ஒரு துப்பும் இல்லை.

காப்பாட்சியர் அனுராதாவுக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு பைத்தியம். பாபநாசம் பக்கத்தில் நிலபுலன் உள்ள குடும்பம், வடோதராவில் போய் அருங்காட்சியகப் படிப்பு, திரும்பி வந்து கிடைத்த வேலை இது. சேர்ந்த முதல் வாரமே அந்தப் படத்துக்கென்று ஒரு கோப்பு திறந்தாள். பெண், எண்ணெய் வண்ணம், ஓவியர் தெரியவில்லை என்று எழுதியதோடு சரி, மேற்கொண்டு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டு, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த படத்தைக் கைபேசியில் எடுத்ததால் டியூப்லைட்டின் வெளிச்சம் சரியாக நெற்றியில் அடித்திருந்தது. அதனால்தான் யாரும் பதில் சொல்லவில்லை என்று நினைத்து, திருச்சியிலிருந்து நல்ல புகைப்படக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்தாள். அவர் பூஜை விடுமுறை முடிந்து வருவதாகச் சொன்னார். பழுப்பேறிய பழைய கண்ணாடியை அதற்குள் கழற்றிவிடும்படி பிரேம் போடுகிறவரிடம் சொன்னதும் அவள்தான். அவர் வந்து கழற்றிக்கொண்டு போனார்.

ஆயுத பூஜையன்று சாயங்காலம், சேகரிப்பில் உள்ளவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டர், டிக்கெட் மேசை, கேமரா பெட்டி, செயலாளர் துரைராசுவின் கார், துடைப்பக் கட்டை. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் அம்சவல்லி ஏந்திக்கொண்டு வந்தாள். துப்புரவு வேலைக்கு ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவள். அம்மாப்பேட்டை பக்கம் ஊர். அனுராதாவைவிட நாலைந்து வயது இளையவள். காலையில் வந்ததும் சிலைகளின் பீடத்தைத் துடைத்துவிட்டு, அனுராதாவோடு உட்கார்ந்து டீ குடிப்பாள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"சிலைங்க மேல ஒரு சொட்டு சந்தனம் படக்கூடாது, தெரியும்ல?" என்றாள் அனுராதா.

"வருஷா வருஷம் சொல்றீங்கக்கா. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

கடைசி அறையில் மின்சாரப் பெட்டிக்குப் பொட்டு வைத்தாயிற்று. திரும்பினால் அந்தப் பெண். அனுராதாவின் வீட்டுக் கூடத்தில் அவள் அம்மாவின் படம் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடி மேல் நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். சட்டம் போட்டு மாட்டிய ஒரு பெண் முகம், பக்கத்தில் சந்தனக் கிண்ணம். கை தானாகப் போயிற்று. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள், குங்குமத்தைத் தொட்டாள், வைத்தாள்.

விரலுக்குக் கண்ணாடியின் குளிர்ச்சி வரவில்லை. சொரசொரவென்று இருந்தது.

அப்போதாவது கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். அவள் படித்த படிப்பு அதைத்தான் சொல்கிறது. ஆனால் பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள். ஈரச் சந்தனத்தோடு குங்குமம் கரைந்து நெற்றி முழுக்கச் சிவப்பாக இழுத்துக்கொண்டு போயிற்று. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

"தொடைக்காதீங்கக்கா, பரவுது," என்றாள் அம்சவல்லி.

அனுராதா முந்தானையைப் பார்த்தாள். சிவப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு பொடி, நெல்மணி அளவுகூட இல்லை, ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதிர்ந்து தரையில் போய்விட்டது.

"நீ கெளம்பு. நாளன்னிக்கு வந்து பாத்துக்கலாம்," என்றாள்.

விடுமுறையன்று, சென்னையில் ஓவியங்களைச் சீர்செய்யும் தோழி ஒருத்திக்கு போன் போட்டு, யாரோ செய்துவிட்ட மாதிரிக் கேட்டாள். மேலே வார்னிஷ் இல்லாத படம், நிறம் உள்ளே இறங்கியிருக்கும், எடுக்கப் போனால் அடியில் இருப்பதும் கூடவே வந்துவிடும், விட்டுவிடு என்றாள் தோழி. யார் செய்தது என்று தோழி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று அனுராதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

திறந்த அன்று காலையில் துரைராசுதான் முதலில் பார்த்தார். ஓய்வுபெற்ற தாசில்தார்; குரலை உயர்த்திப் பேசாதவர். கடைசி அறையில் மூவரும் நின்றார்கள்.

"யார் செஞ்சது இது?" என்று கேட்டார். யாரும் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொன்னார். "கிண்ணத்தத் தூக்கிக்கிட்டுச் சுத்துனது நீதானேம்மா. சாமி படம்னு நெனச்சிட்டியா?"

அம்சவல்லி அனுராதாவைப் பார்த்தாள். அனுராதா சுவரில் மாட்டியிருந்த ஈரப்பத மானியைப் பார்த்தாள். அதன் முள் எங்கே நின்றது என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

அம்சவல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. செயலாளர் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, ஆளை மாற்றிவிடுங்கள், போலீஸ் கீலீஸ் எல்லாம் வேண்டாம், பாவம், தெரியாமல் செய்தது என்று பெருந்தன்மையாகப் பேசினார். அம்சவல்லி டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். இதில் அனுராதாவைப் பிய்த்துத் தின்றது ஒன்றுதான். அவள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லாமலே எல்லோரும் நம்பத் தயாராக இருந்தார்கள்.

பொய் சொல்ல வேண்டிய நேரம் அன்று மதியம் வந்தது. "நடந்தத கோப்புல எழுதிடுங்க. நாளைக்கு தணிக்கைன்னு ஒருத்தன் வருவான்," என்றார் துரைராசு.

கோப்பில் பேனாவால்தான் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு, அடியில் உள்ளது படிக்கும்படியாகப் போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். எல்லா அருங்காட்சியகத்திலும் உள்ள வழக்கம்தான். இங்கே அதைக் கொண்டுவந்தவள் அனுராதா. பேனாவைத் திறந்து எழுதினாள்: நெற்றியில் உள்ள சிவப்புக் கறை, துப்புரவுப் பணியாளர் அம்சவல்லி ஆயுத பூஜையன்று குங்குமம் இட்டதால் ஏற்பட்டது. இத்தனை வருஷம் வெறுமையாகக் கிடந்த அந்தக் கோப்பில் அவள் எழுதிய முதல் முழு வாக்கியம் அது. எழுதி முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரக் கடைசியில் நாகூரிலிருந்து ஒரு போன் வந்தது.

"என் பேரு ஜஸீலா. டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. உங்க பக்கத்துல ஒரு படம் போட்டிருக்கீங்களே, அது எங்க உம்மா மாதிரி இருக்கு. எங்க ஜக்கரியா மாமா வரைஞ்சதா இருக்கணும்."

அனுராதா நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த போனுக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள்.

உம்மாவின் பெயர் ஷம்சாத். மாமா அவருக்குத் தம்பி. கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். பிழைப்புக்குப் பினாங்குக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். போகும்போது தஞ்சாவூரில் ஒரு சினேகிதர் வீட்டில் படங்களைப் போட்டுவிட்டுப் போனார் என்பது வரைக்கும்தான் தெரியும். உம்மா இறந்தபோது ஜஸீலா சின்னப் பிள்ளை. வீட்டில் இருந்த ஒரே போட்டோவும் சுனாமியில் போய்விட்டது.

"முகம் எனக்குச் சரியா ஞாபகம் இல்லங்க. அதுதான் உண்மை. ஆனா உம்மா நெத்தியில ஒரு தழும்பு இருக்கும். கெணத்து வாளி பட்டது. மடியில படுத்துக்கிட்டு அதத் தொட்டுத் தொட்டுதான் தூங்குவேன். முகம் மறந்தாலும் அது என் விரல்ல இருக்கு. உங்க போட்டோல அந்த எடத்துல வெளிச்சம் அடிச்சிருக்கு. தழும்பு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? இருந்தா உம்மாதான்."

முந்தானையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி அனுராதாவின் கண்ணுக்கு வந்தது. நெற்றியில் அந்த வெள்ளைக் கீறலைத் தினமும் பார்த்திருக்கிறாள். வண்ணம் பெயர்ந்த இடம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நீங்க... நேர்லயே வந்து பாத்துடுங்களேன்," என்றாள். கோழைத்தனம் என்பது இவ்வளவு மரியாதையான குரலில் வரும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அம்மாப்பேட்டைப் பக்கம் போனாள். கையில் ஒரு பை, ஆப்பிளும் ஹார்லிக்ஸும். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தாள். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அம்சவல்லி நிமிர்ந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு, கையில் நாற்றுமுடி.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று பையைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்சா, நான் பேசணும்."

"பேசுங்க. நட்டுக்கிட்டே கேக்குறேன். நான் மட்டும் வரிசைய நிறுத்திட்டு நிக்க முடியாது."

அவள் குனிந்து பின்வாங்கிக்கொண்டே நட, அனுராதா வரப்பின் மேல் கூடவே நடந்தாள். கரையில் நின்றுகொண்டு வயலுக்குள் இருப்பவர்களிடம் பேசுவது அவள் அப்பா செய்கிற காரியம். அது நினைவுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தாள். கழற்றி என்ன ஆகப்போகிறது என்று அப்படியே நடந்தாள்.

"கொஞ்ச நாள் போகட்டும். சார்கிட்ட பேசி உன்னத் திரும்ப எடுத்துக்கச் சொல்றேன். வேற எடத்துலகூட..."

"என்னன்னு சொல்லுவீங்க? தெரியாம செஞ்சுட்டா, மன்னிச்சிடுங்கன்னா?"

அனுராதா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் ஏன் வாயத் தொறக்கலன்னு நெனக்கிறீங்க? நான் சொன்னா, மேடம் மேல பழி போடுறான்னு அது வேற சேந்துக்கும். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்க்கா. டம்ளரக் கழுவுற வரைக்கும் பாத்தேன்." அவள் நடவை நிறுத்தவில்லை. "பைய எடுத்துட்டுப் போங்க. இங்க யாருக்கும் காய்ச்சல் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை ஜஸீலா வந்தார். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய, மூக்குக்கண்ணாடி போட்ட பெண்மணி. நாகூர் பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். மகன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாராம். துரைராசு எதிர்கொண்டு அழைத்துப் போனார். அனுராதா பின்னால் நடந்தாள். கடைசி அறை வாசலில் ஜஸீலா செருப்பைக் கழற்றினார்.

படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார். நெற்றி முழுக்க மங்கலான சிவப்பு.

"இது என்ன?"

"அத சொல்லணும்னுதான் இருந்தேங்க," என்றார் துரைராசு. "கூட்டுற பொம்பள ஒருத்தி, வெவரம் தெரியாம பூஜையன்னிக்குப் பொட்டு வச்சு, தொடைச்சு வேற விட்டிருக்கா. வேலைய விட்டு அனுப்பிட்டோம். மனசு வருத்தப்படாதீங்க."

ஜஸீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்துக்கு வெகு அருகில் போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தேடினார். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"தழும்பு இல்லையே," என்றார் கடைசியில். "அப்ப உம்மா இல்ல போல."

"இருந்துச்சுங்க," என்றாள் அனுராதா. "நான் தினமும் பாத்திருக்கேன்."

ஜஸீலா திரும்பினார். "எனக்காகச் சொல்லாதீங்கம்மா. எங்க இருந்துச்சு?"

அனுராதா தன் விரலைத் தன் நெற்றியில் வைத்தாள். வலது புருவத்துக்கு மேலே, முடி ஆரம்பிக்கிற இடத்தைப் பார்க்கச் சாய்வாக, சின்னதாக ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

ஜஸீலாவின் வாய் கோணிற்று. துப்பட்டியின் நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதார். துரைராசு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பொம்பள இப்ப எங்க இருக்காங்க? நான் பாக்க முடியுமா?"

"எதுக்குங்க? சண்ட போட்டு என்ன ஆகப்போகுது," என்றார் துரைராசு.

"சண்டைக்கு இல்லங்க. அந்தத் தழும்ப சின்ன வயசுல நான் தொட்டதுதான். எனக்கப்புறம் தொட்டது அவங்கதான். அந்தக் கைய ஒரு தரம் பாக்கணும்."

இப்போதும் ஒரு வழி இருந்தது. அம்மாப்பேட்டைக்கு வண்டி வைத்துக் கொடுக்கலாம். அம்சவல்லி நாற்றுமுடியோடு நிமிர்ந்து, ஆமாங்க நான்தான் என்றுகூடச் சொல்லிவிடுவாள். வேறு என்ன சொல்ல அவளுக்கு விட்டு வைத்திருக்கிறோம். அதை நினைத்ததும் அனுராதா வலது கையை நீட்டினாள்.

"இந்தக் கைதாங்க. பொட்டு வச்சதும் நான்தான், தொடைச்சதும் நான்தான். அம்சவல்லி தொடைக்காதீங்கன்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல. இவ்வளவு நாளும் வாயத் தொறக்கல."

ஜஸீலா அந்தக் கையைப் பார்த்தார். "எந்த வெரல்?" என்றார். அனுராதா மோதிர விரலைக் காட்டினாள். அவர் அதைப் பிடித்தார். இறுக்கமாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று அனுராதா காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. விரலை விட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு போன் போடுங்க," என்றார்.

துரைராசுதான் போட்டார். அருங்காட்சியகத்திலிருந்து பேசுகிறேன், தப்பு நடந்துபோச்சு, திங்கட்கிழமை வந்துவிடு என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டாள் போல. "மேடமே சொல்லிட்டாங்கம்மா," என்றார். பிறகு அனுராதா பக்கம் திரும்பி, அவளைப் பார்க்காமல், "கமிட்டியில வச்சுத்தான் உங்க விஷயத்த முடிவு பண்ண முடியும்," என்றார். அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை அம்சவல்லி வந்தாள். வாளியை வைத்துவிட்டு நேராகக் காப்பாட்சியர் அறைக்கு வந்து நின்றாள்.

"என் பேர எங்கயோ எழுதி வச்சீங்களாமே. கன்ட்ராக்டர் சொன்னாரு. அதப் பாக்கணும்."

அனுராதா கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். ஞாயிறு சாயங்காலமே திருத்தியிருந்தாள். இப்போது அதில் படத்தில் இருப்பவர் ஷம்சாத் என்றும், வரைந்தவர் ஜக்கரியா, நாகூர் என்றும் இருந்தது. அதன் கீழே, நெற்றியில் உள்ள கறையும் வலது புருவத்துக்கு மேலிருந்த தழும்பு அழிந்ததும் காப்பாட்சியர் அனுராதாவின் கையால் நேர்ந்தவை என்று இருந்தது. அதற்கு மேலே பழைய வரி, நடுவில் ஒரு கோடு.

அம்சவல்லி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். பிறகு அடித்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"கோடு போட்டிருக்கீங்க. ஆனா என் பேரு படிக்க வருதே."

"கோப்புல எதையும் அழிக்கக் கூடாது அம்சா. அடியில இருக்குறது தெரியற மாதிரி ஒரு கோடுதான் போடலாம்."

"அப்ப நாளப்பின்ன யாரு தொறந்து பாத்தாலும் என் பேரு இருக்கும்."

அனுராதா அடித்த வரியைப் பார்த்தாள். "இருக்கும்," என்றாள்.

அம்சவல்லி கோப்பை மூடி, மேசையின் நடுவில் நேராக வைத்தாள்.

"சரிங்க மேடம்," என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள்.